போட் எஞ்சின் ரிப்பேர் கோர்சுக்கு பாடத்திட்டம் எழுதச் சொல்லிட்டாங்க, எங்க இருந்து தொடங்குற?

கடலடியான் (மட்டக்களப்பு, கல்குடாப் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர் மீனவர் சங்கத்தில எழுத்து வேலைக்கு உதவியா நிக்கிறன். விசயம் என்னெண்டா, ஊர்ப் பொடியனுகளுக்கு அவுட்போட் எஞ்சின் (போட்டுக்குப் பின்னால பூட்டுற எஞ்சின்) ரிப்பேர் படிப்பிக்க ஒரு கோர்ஸ் தொடங்குவம் எண்டு சங்கத்தில முடிவெடுத்தாச்சு, வெளியில இருந்து கொஞ்சம் காசு தரவும் ஆக்கள் ஓமெண்டிட்டாங்க, ஆனா முதல்ல பாடத்திட்டத்த எழுத்தில தாங்க எண்டு நிக்கிறாங்க. ஏஎல் (உயர்தரம்) படிச்சவன் நீதானே எண்டு அது என்ட தலையில வந்து விழுந்திட்டு.

படிப்பிக்கப் போறவர் எங்கட மாமா முறையான ஒரு மெக்கானிக். கரையில எஞ்சின இழுத்து ஸ்டார்ட் பண்ணுற சத்தத்திலயே என்ன பிழை எண்டு சொல்லிடுவார். எப்பிடி மாமா தெரியும் எண்டு கேட்டா "அது தெரியும் மகன்" எண்டுறதோட கதை முடிஞ்சிது. அவரிட்ட இருந்து ஒரு வரி கூட எழுத்தில வாங்க ஏலாம இரிக்கு.

நான் எஞ்சினோட வாற மெனுவலையும் இணையத்தில கிடந்த கோர்ஸ் விபரங்களையும் பாத்து தலைப்புத் தலைப்பா எழுதியிருக்கன். எஞ்சின் வரலாறு, உள்ளகத் தகன எஞ்சின் தத்துவம், ரெண்டு ஸ்ட்ரோக்குக்கும் நாலு ஸ்ட்ரோக்குக்கும் வித்தியாசம், எரிபொருள் தொகுதி, குளிரூட்டல் தொகுதி, பற்றவைப்பு, கியர், இப்பிடியே நாலு பக்கம் போகுது. கோர்ஸ் 12 கிழமை, கிழமைக்கு ரெண்டு நாள், நாளைக்கு மூண்டு மணித்தியாலம், முழுக்க 72 மணித்தியாலம். தலைப்புகள பிரிச்சுப் போட்டா ஒண்டுக்கு ஒண்டரை மணித்தியாலம் கூடக் கிடைக்காது. பொடியனுகள் 15 பேர், எஞ்சின் ரெண்டு.

எத வெட்டுற, எந்த ஒழுங்கில போடுற? அவங்கட படிவத்தில கற்றல் பேறு, கற்பித்தல் முறை, கணிப்பீடு எண்டு கட்டம் கட்டமா கிடக்கு, அதுக்குள்ள என்னத்த எழுதுற எண்டும் விளங்கல்ல. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

பாலமீன்மடு

எந்த மாசம் தொடங்கப் போறீங்க? அத முதல்ல சொல்லுங்க.

கடலடியான்

பங்குனி மாசம் தொடங்கச் சொல்லுறாங்க, அவங்கட காசுக் கணக்குக்கு அதுதான் வசதியாம்.

பாலமீன்மடு

அப்ப ஒருத்தனும் வரமாட்டான் எண்டு இப்பவே எழுதி வச்சுக்கொள்ளுங்க. பங்குனி சித்திரைக்கு கடல் நல்லா இரிக்கும், இரவு தொழிலுக்குப் போனவன் பகல் ஒம்பது மணிக்கு வந்து வகுப்பில இரிப்பானா. மறுகா வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு, ஆடியில மாமாங்கத்தில தீர்த்தம், எல்லாத்துக்கும் ஆள் நிக்காது. எங்கட கரைக்கு கார்த்திகை மார்கழி தைதான் சரி, வாடைக்காத்து அடிச்சு கடல் கொந்தளிக்கிற நேரம் போட்ட மேல இழுத்து வச்சிட்டு சும்மா இரிக்கிற ஆக்கள் அப்பதான் கூட. எஞ்சினும் சும்மா கிடக்கும், கழட்டிப் பாக்கத் தருவாங்க. மழைக்கு கூரை ஒண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்க.

வயல் செய்யிற படுவான்கரைப் பொடியனுகளையும் சேக்கிற எண்ணம் இரிந்தா அவங்களுக்கு தை மாசியில நெல் வெட்டு வந்திடும், அதையும் யோசிங்க.

வாத்தி (வந்தாறுமூலை)

தம்பி, மேல சொன்னத சின்ன விசயம் எண்டு நினைக்காதீங்க, படிக்க வாற ஆள் ஆரு, அவனுக்கு எப்ப நேரம் இரிக்கு, என்ன தெரிஞ்சு கொண்டு வாறான், இது மூண்டும்தான் பாடத்திட்டத்திட முதல் பக்கம். உங்கட பொடியன் எஞ்சின தொடாதவன் இல்ல. அஞ்சு வயசில இருந்து அப்பனோட போட்டுக்குள்ள இரிந்தவன். அவனுக்கு எஞ்சின் வரலாறு எண்டு தொடங்கினா ரெண்டாம் நாள் காணமாட்டீங்க.

இப்ப நீங்க செய்திருக்கிறது தலைப்புப் பட்டியல். அத ஒரு பக்கத்தில வச்சிட்டு கடைசி நாள்ல இருந்து பின்னால வாங்க. 12 கிழமை முடிஞ்சு வீட்ட போறவன் தனிய, மாமா பக்கத்தில இல்லாம, என்னென்ன செய்து காட்டணும்? ஏழு எட்டு வேலைக்கு மேல போகவேண்டாம். ரால்ஃப் டைலர் எண்டு ஒரு அமெரிக்கக் கல்வியாளர் 1949 இல நாலு கேள்வியா போட்டு வச்சவர்: என்னத்த அடையணும், அதுக்கு என்ன அனுபவத்த குடுக்கிற, அத எந்த ஒழுங்கில அடுக்குற, அடைஞ்சிட்டா இல்லையா எண்டு எப்பிடிப் பாக்கிற. உங்கட படிவத்தில இரிக்கிற கட்டம் எல்லாம் சுத்திச் சுத்தி இந்த நாலுதான், பயப்பட ஒண்டும் இல்ல.

கற்றல் பேறு எழுதக்குள்ள "குளிரூட்டல் தொகுதி பற்றி அறிந்திருப்பர்" எண்டு எழுதாதீங்க. அறிஞ்சானா எண்டத ஆரு எப்பிடிப் பாக்கிற? இப்பிடி எழுதுங்க: "தண்ணி வராத எஞ்சின் ஒண்ட குடுத்தா, கீழ்ப் பாகத்த கழட்டி, இம்பெல்லர (தண்ணி இழுக்கிற சின்னச் சக்கரம்) மாத்தி, திரும்பப் பூட்டி, தண்ணிப் பரல்ல வச்சு ஓட்டி தண்ணி பாயிறத காட்டுவார்." இத எழுதின உடன கணிப்பீட்டுக் கட்டமும் நிரம்பிட்டுது, பாருங்க. இந்த வேலைய அவன் செய்யிறத நிண்டு பாக்கிறதுதான் கணிப்பீடு. அதுக்கு எத்தினை தரம் செய்து பழகணும் எண்டு யோசிச்சா வகுப்புகளும் வந்திடும்.

எத வெட்டுற எண்டு மெனுவலப் பாத்து முடிவெடுக்காதீங்க. ஒரு கொப்பிய எடுத்துக்கொண்டு மாமாட பட்டறையில போய்க் குந்துங்க. ஒவ்வொரு எஞ்சின் வரக்குள்ளயும் நாலு விசயம் எழுதுங்க: கொண்டு வந்தவன் என்ன சொன்னான், மாமா முதல்ல எதத் தொட்டார், மறுகா எத, கடைசியில என்ன பிழை. அவரிட்ட "எப்பிடித் தெரியும்" எண்டு கேட்டா பதில் வராது, கை பழகின ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான். "ஏன் முதல்ல பிளக்க கழட்டினீங்க, ஏன் காபரேற்றர தொடல்ல" எண்டு அந்த இடத்திலயே கேளுங்க, சொல்லுவார். ஃபோன்ல ரெக்கோட் பண்ணுங்க. கொஞ்ச நாளில எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருது எண்டு கொப்பி காட்டும். கூட வாறதுக்கு கூட மணித்தியாலம், வருசத்துக்கு ஒருக்கா வாறதுக்கு ஒண்டுமில்ல. கிராங்க் ஷாஃப்ட் மாத்துறது, சிலிண்டர் போர் போடுறது எல்லாம் வெட்டுப்பட்டிடும், அது நல்லது.

ஒண்டு மட்டும், கிரெடிட் எண்டு எதையும் படிவத்தில போட்டுடாதீங்க. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில ஒரு கிரெடிட் எண்டா வீட்டில படிக்கிறதும் சேத்து 50 கற்றல் மணித்தியாலம், அது வேற உலகம்.

சாய்ந்தமருது ட்ரெய்னர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி. நான் தொழிற்பயிற்சிப் பக்கம், போட் எஞ்சின் இல்ல, மோட்டார் சைக்கிள். வாத்தி சொன்னது சரி, ஆனா அவர் காகிதத்தில நிண்டு சொல்லுறார், நான் தரையில நிண்டு சொல்லுறன்.

72 மணித்தியாலம் எண்டு நினைக்காதீங்க. ஒவ்வொரு நாளும் சாமான் எடுத்து வைக்க, முடியக்குள்ள துடைச்சு எண்ணி பெட்டியில போட அரை மணித்தியாலம் போகும், 24 நாளுக்கு அதுவே 12 மணித்தியாலம். மழை, மையத்து (சாவு வீடு), சங்கக் கூட்டம் எண்டு மூண்டு நாள் போகும். கையில மிஞ்சிறது 50 சொச்சம். அதுக்குள்ள திட்டம் போடுங்க, கூடினா பழகின வேலைய இன்னொருக்கா செய்ய விடலாம்.

15 பேருக்கு ரெண்டு எஞ்சின் எண்டா என்ன நடக்கும் தெரியுமா, ரெண்டு பேர் செய்வான், நாலு பேர் பாப்பான், மிச்சம் ஒம்பது பேர் ஃபோன் நோண்டுவான். ஒரு இடத்தில அழகான பாடத்திட்டம், பைண்ட் பண்ணி வேற வச்சிரிந்தாங்க, எஞ்சின் ஒண்டே ஒண்டு, அதையும் புதுசு எண்டு கழட்ட விடல்ல, பொடியனுகள் சேட்டிபிக்கட்டோட வந்து எங்களிட்ட பிளக் ஸ்பேனர எந்தப் பக்கம் சுத்துற எண்டு கேட்டானுகள். ஆனபடியா ஓடாத எஞ்சின் தேடுங்க. கரை முழுக்க தூக்கிப் போட்ட எஞ்சின் கிடக்கும், கீழ்ப் பாகம் மட்டும் இரிந்தாலும் சரி, காபரேற்றர் மட்டும் இரிந்தாலும் சரி. ஓடுற ரெண்டையும் ஓட்டிப் பாக்கிறதுக்கு வைங்க, கழட்டிப் பூட்டிறதுக்கு செத்த எஞ்சின். மூண்டு மூண்டு பேரா அஞ்சு கூட்டம், ஒவ்வொரு கூட்டமும் வேற வேற மேசையில, அடுத்த நாள் மாறுங்க. ஒரே நாளில எல்லாரும் ஒரே பாடம் படிக்கணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல.

இப்பிடி மாத்துறதுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் வேணும். என்ன சாமான், என்ன படி, எங்க கவனம், செய்து முடிஞ்சா எப்பிடி இரிக்கணும். ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடா, படம் இரிந்தா இன்னும் நல்லம். மாமா ஒரே நேரத்தில அஞ்சு இடத்தில நிக்க ஏலாதுதானே, அவருக்குப் பதிலா அந்தத் தாள் நிக்கும். இம்பெல்லர் வேலைக்கு எழுதினா, இம்பெல்லர பிடிச்சு வைக்கிற அந்தச் சின்னக் கீ கழண்டு மணலுக்க விழும் எண்டத எழுதணும், கீழ ஒரு தட்டு வைக்கச் சொல்லணும். இலை எந்தப் பக்கம் மடங்கி உள்ள போகணும் எண்டதையும் படமாப் போடணும். புத்தகத்தில கால் வரியில இரிக்கும், அதிலதான் பொடியன் மாட்டுவான்.

புள்ளி போடாதீங்க. தேசிய தொழிற்தகைமையில (என்விகியூ) செய்யிற மாதிரி தேர்ச்சி, இன்னும் தேர்ச்சி இல்ல, ரெண்டே ரெண்டு. இம்பெல்லர் வேலையில 65 புள்ளி எண்டா என்ன அர்த்தம், தண்ணி முக்கால்வாசி வருமா? இன்னும் வரல்ல எண்டா திருப்பிச் செய்யட்டும்.

மூன்றாம் நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுவிட இணையத்தளத்தில தொழில் வாரியா தேர்ச்சி நியமங்கள் இரிக்கி, உங்கட தொழிலுக்கும் கிட்டின தொழிலுக்கும் தேடிப் பாருங்க. அலகு, அதுக்குள்ள கூறு, ஒவ்வொண்டுக்கும் எப்பிடிச் செய்தா சரி எண்டு பிரிச்சு வச்சிருப்பாங்க, அந்த எழுத்து முறைய அப்பிடியே பழகலாம். மட்டக்களப்பில சமுத்திரப் பல்கலைக்கழகத்திட நிலையம் இரிக்கி, அங்கயும் ஒருக்கா போய்க் கேளுங்க. ஆனா உங்கட கோர்ஸ் முடிச்சா என்விகியூ கிடைக்கும் எண்டு பொடியனுகளுக்குச் சொல்லிடாதீங்க, அதுக்கு நிலையத்த பதிஞ்சு பாடநெறிக்கும் அங்கீகாரம் எடுக்கணும். மாமா வேணுமெண்டா அவர்ட வேலை அனுபவத்த காட்டி தனக்கு என்விகியூ எடுக்கலாம், அந்த வழி இரிக்கி.

வெள்ளிக்கிழமை பகல் வைக்காதீங்க, ஓட்டமாவடி வாழைச்சேனைப் பொடியனுகள் வந்தா ஜும்மாவுக்குப் போகணும். முதல் கிழமையில கொள்கை (தியரி) ஒண்டும் வேணாம், முதல் நாளே கையில ஸ்பேனர குடுங்க.

வாத்தி (வந்தாறுமூலை)

தரையில நிக்கிற ஆள் சொன்னா கேக்கத்தான் வேணும். செத்த எஞ்சின் யோசனை நல்லாரிக்கு. ஆனா கொள்கை வேணாம் எண்டதில எனக்கு உடன்பாடு இல்ல. கொள்கை இல்லாட்டி சாமான் மாத்துறவன்தான் வருவான், பிழை தேடுறவன் வரமாட்டான். பிளக் வெள்ளையா வெந்து கிடந்தா புது பிளக் போட்டு அனுப்பிடுவான், எரிபொருள் குறைவாப் போகுதா, சூடு கூடுதா எண்டு பாக்கமாட்டான், அந்தப் பிளக்கும் கொஞ்ச நாளில போகும். அதே மாதிரி ஒயில் கலவை. 50க்கு 1 எண்டு எஞ்சின் புத்தகத்தில இரிந்தா 25 லீட்டர் கானுக்கு அர லீட்டர் ஒயில். கூடப் போட்டா புகையும், பிளக் கரி பிடிக்கும். குறையப் போட்டா பிஸ்டன் இறுகும், ஏனெண்டா ரெண்டு ஸ்ட்ரோக்கில உள்ளுக்க ஓடுற பாகங்கள் உராயாம வழுக்கல் குடுக்கிறதே அந்த ஒயில்தான். இது கொள்கைதானே. பொடியன் இத ஏன் எண்டு விளங்கினாத்தான் விலை கூடின நேரம் ஒயில குறைக்கமாட்டான்.

இடம்தான் கேள்வி. பிழைய கண்ணால கண்டதுக்குப் பிறகு, கை கறுத்துப் போய் இரிக்கிற நேரம், பத்து நிமிசம். முதல் கிழமை முழுக்க கரும்பலகை எண்டு நானும் சொல்லல்ல.

சாய்ந்தமருது ட்ரெய்னர்

பத்து நிமிசம் எண்டா சரி சேர். நான் பயந்தது மூண்டு மணித்தியால லெக்சருக்கு.

திருக்கோவில் எஞ்சின்கடை

நான் பட்டறை வச்சிருக்கிறவன், படிப்பு விசயம் தெரியாது, ஆனா வேலைக்கு ஆள் எடுக்கிறவன் எண்ட முறையில சொல்லுறன். மெனுவலில இல்லாதது எங்கட கரையில கூட நடக்குது, அதையும் போடுங்க.

முதலாவது மண்ணெண்ணெய். எங்கட பக்கம் நிறைய எஞ்சின் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி சூடானப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. கரைக்கு வரக்குள்ள திரும்ப பெற்றோலுக்கு மாத்தி கொஞ்சம் ஓட விட்டு நிப்பாட்டணும், இல்லாட்டி காபரேற்றருக்க மண்ணெண்ணெய் நிண்டு விடிய இழுத்தாலும் ஸ்டார்ட் வராது. வாற எஞ்சின்ல பாதி ரிப்பேரே இல்ல, இந்தப் பழக்கம்தான்.

ரெண்டாவது, கடலுக்க நிண்டு போனா என்ன செய்யிற. பட்டறையில எல்லாச் சாமானும் இரிக்கும், போட்டுக்குள்ள ஒரு பிளக் ஸ்பேனரும் ஒரு குறடும் மட்டும்தான். தண்ணி பாயிறது நிண்டா உடன எஞ்சின நிப்பாட்டி, தண்ணி இழுக்கிற துளையில பொலித்தீன் அடைச்சிரிக்கா எண்டு பாக்கணும், சிலர் கரைக்குப் போய்ப் பாப்பம் எண்டு ஓட்டி வந்து எஞ்சினையே எரிச்சுப்போட்டு வருவாங்க. அந்த ரெண்டு சாமானோட மட்டும் பிழை தேடுறதுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க, அதுக்கு வகுப்புக் கூட வேணாம், போட்ட ஆழமில்லாத இடத்தில நிப்பாட்டி வச்சுச் செய்யலாம். லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான்.

மூண்டாவது, எஞ்சின் தண்ணிக்க விழுந்தா. கரைக்கு அடிச்சு போட் பிரண்டு எஞ்சின் தாண்டு போறது எங்கட பக்கம் புதினமில்ல. வெளிய எடுத்தா உடன நல்ல தண்ணியால கழுவி பிளக்க கழட்டி உள்ள போன தண்ணிய வெளிய எடுத்து ஒயில் விட்டு ஓட்டிப் பாக்கணும், நாளைக்குப் பாப்பம் எண்டு வெயிலில வச்சா கறள் பிடிச்சிடும்.

மறுகா இன்னொண்டு, பொடியனுகளுக்கு கூலி கேக்கத் தெரியாது. சொந்தக்காரன் எண்டு சும்மா செய்வான், அல்லது வாயில வந்த காசக் கேப்பான். சாமான் விலை, கூலி, எத்தினை நாளில தருவன், இத ஒரு துண்டில எழுதிக் குடுக்கப் பழக்குங்க. கோர்ஸ் முடிச்சு சொந்தமா பட்டறை போட்ட பொடியன் ஒருத்தன் அத இழுத்து மூடினது வேலை தெரியாம இல்ல, கடன் கொப்பி நிறைஞ்சுதான்.

கடலடியான்

எல்லாருக்கும் பெரிய நன்றி. மாமாவோட போய்க் குந்தினன், ரெக்கோட் பண்ணினதில பாதி ஏச்சுத்தான், மிச்சத்தில நல்ல விசயம் இரிக்கு. தலைப்புப் பட்டியல தூக்கிட்டு எட்டு வேலையா எழுதியிருக்கன், தொடக்கத்த ஐப்பசிக் கடைசிக்கு மாத்தச் சொல்லி அவங்களுக்கு கடிதம் போட்டாச்சு. ஒரு வேலைய மட்டும் இஞ்ச போடுறன், பிழை இரிந்தா சொல்லுங்க.

வேலை 3, கியர் ஒயில் பாத்து மாத்துறது. முடியக்குள்ள பொடியன் செய்து காட்டுறது: கீழ்த் திருகாணியையும் மேல் திருகாணியையும் கழட்டி ஒயில வடிச்சு, நிறத்தப் பாத்து தண்ணி போயிருக்கா எண்டு சொல்லி, புரொபெல்லர கழட்டி ஷாஃப்ட்டில தங்கூசி (நைலோன் நூல்) சுத்தியிருக்கா எண்டு பாத்து, புது ஒயில் ஏத்திப் பூட்டுவார். நேரம் ரெண்டு மணித்தியாலம், மூண்டு பேருக்கு ஒரு கீழ்ப் பாகம். பத்து நிமிசக் கதை: ஒயில் ஏன் பால் மாதிரி வருது, சீல் எங்க இரிக்கு, தங்கூசி அத எப்பிடி வெட்டுது. கணிப்பீடு: மாமா மூண்டு போத்தல் வைப்பார், ஒண்டு நல்ல ஒயில், ஒண்டு பழசு கறுத்தது, ஒண்டு தண்ணி கலந்தது, பொடியன் பாத்து என்ன செய்யணும் எண்டு சொல்லணும், மறுகா ஒண்ட செய்து காட்டணும்.

சாய்ந்தமருது ட்ரெய்னர்

மூண்டு போத்தல் அருமை, இத நானும் எடுக்கப் போறன். ரெண்டு விசயம். ஒயில் கீழ்த் துளையால ஏத்தணும், மேல் துளையால வழியிற வரைக்கும். மேலால ஊத்தினா உள்ளுக்க காத்து நிண்டு ஒயில் குறையும். வழிஞ்ச உடன மேல் திருகாணிய முதல்ல பூட்டிட்டுத்தான் கீழ ட்யூப்ப எடுக்கிற, அப்பதான் கொட்டாது. மாமாவுக்கு இது கையில இரிக்கும், தாளில இல்ல. கணிப்பீட்டில "ஏத்திப் பூட்டுவார்" எண்டு மட்டும் இரிந்தா எப்பிடிப் பூட்டினாலும் தேர்ச்சி எண்டு வந்திடும், ஆனபடியா "கீழால ஏத்தி, மேல முதல் பூட்டி, புது வாஷர் போட்டு" எண்டு எழுதுங்க. மற்றது, வடிச்ச ஒயிலுக்கு ஒரு கான் வச்சிருக்கீங்களா? களப்பிலயோ மணலிலயோ ஊத்தவேணாம், அதையும் சாமான் பட்டியலில சேருங்க.

வாத்தி (வந்தாறுமூலை)

மூண்டு மணித்தியால வகுப்பில ரெண்டு மணித்தியாலம் எண்டு போட்டது சரியான கணக்கு. எட்டு வேலையையும் இப்பிடி எழுதி, எந்த வேலை எதுக்கு முதல் வரணும் எண்டு மட்டும் ஒருக்கா பாருங்க. கீழ்ப் பாகம் கழட்டத் தெரிஞ்சாத்தான் இம்பெல்லர். பரல்ல ஓட்டுறது எல்லாத்துக்கும் வேணும், ஆனபடியா அது ரெண்டாம் நாளே வரட்டும், புரொபெல்லர கழட்டி, நியூட்ரலில, தண்ணி இழுக்கிற துளை நல்லா மறையிற அளவுக்கு நிரப்பி, வெளிக்காத்து இரிக்கிற இடத்தில. தண்ணி இல்லாம ஒரு நிமிசம் கூட ஓட்டவேணாம் எண்டத முதல் தாளிலயே பெரிசா எழுதுங்க, இல்லாட்டி கோர்ஸ் காசு இம்பெல்லர் வாங்கவே முடியும்.

கடலடியான்

சரி சேர். படிவத்தில "கற்பித்தல் முறை" எண்டு ஒரு கட்டம் இன்னும் வெறுமையாக் கிடக்கு, அதுக்கு என்ன போடட்டும்?

வாத்தி (வந்தாறுமூலை)

"செய்து காட்டல், சிறு குழுவில் செய்து பழகல், வேலைத் தாள், குறுங் கலந்துரையாடல்" எண்டு போடுங்க. அவங்களுக்கு அவ்வளவு காணும்.

பாலமீன்மடு

ஐப்பசிக் கடைசி எண்டா என்ட தம்பியையும் பதிஞ்சுக்கொள்ளுங்க. பழைய கீழ்ப் பாகம் ஒண்டு எங்கட வளவுக்க கிடக்கு, ஆராவது வந்து தூக்கிக்கொண்டு போங்க.